தம்பிக்கு, ஒரு கணக்கு நோட்டுடன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாதான் எழுதுகிறேன். நலம்தானே? உன் குரல் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. வேலை நெருக்கடி என்று அக்கா சொன்னாள். இருக்கும். சொந்தமாகத் தொழில் தொடங்கின முதல் வருடம் அப்படித்தான், அப்பாவோடு நானும் அதைப் பார்த்தவள். அக்கா பையன் நடக்க ஆரம்பித்துவிட்டான், அதைப் பற்றி நிறைய எழுத வேண்டும். அதற்கு முன்னால் ஒரு விஷயம்.

இந்தக் கடிதத்தோடு ஒரு நீளக் கணக்கு நோட்டு வைத்திருக்கிறேன். போனிலேயே எல்லாம் செய்துவிடலாம் என்பாய். செய், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆறு மாதமாவது கையால் எழுதிப் பார். எந்த வேலையில் பணம் நின்றது, எந்த வேலையில் கைக்காசு போனது என்பது எழுத எழுதத் தெரிந்துவிடும்.

முதலில் பில்கள். கடைகளில் தருகிற வழுவழுப்பான பில்லில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கிற ஒரு பூச்சுதான் அந்தத் தாளில் இருக்கிறது. வெயில், எண்ணெய்க் கை, சிலவகைப் பிளாஸ்டிக் உறை, எது பட்டாலும் எழுத்து வெளுத்துப்போகும். வண்டியில் வெயில்படப் போட்டு வைக்காதே. பிளாஸ்டிக் பையில் திணித்தும் வைக்காதே. வாங்கின அன்றைக்கே போட்டோ எடுத்துவிட்டு, எந்த வீட்டு வேலைக்கு வாங்கினாய் என்று பின்பக்கம் பென்சிலால் எழுது. ஒயர் 4 சுருள் என்று பில் சொல்லும், அது எங்கே போனது என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

போன மாதம் வந்தபோது நீ முடித்த வேலையைக் காட்டக் கூட்டிப்போனாயே, அந்த ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து காட்டினது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஒயருக்கும் நம்பர், எது எந்த அறைக்கு என்று மூடியின் உள்பக்கம் பட்டியல். "எனக்குப் பிறகு யார் திறந்தாலும் புரியணும்மா" என்றாய். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கணக்கும் அதுவேதான் தம்பி. உனக்குப் பிறகு இன்னொருவர் திறந்து பார்த்தால் புரிய வேண்டும். ஒயரை அவ்வளவு சுத்தமாகக் கட்டத் தெரிந்தவன் பணத்தை மட்டும் ஏன் அப்படிக் குழப்பி வைக்கிறாய்?

தொழிலுக்குத் தனியாக ஒரு பேங்க் கணக்கு வைத்துக்கொள். வருகிற கூலி அதில்தான் விழ வேண்டும், பொருள் வாங்குகிற பணமும் அதிலிருந்துதான் போக வேண்டும். வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மாதம் ஒருமுறை உன் கணக்குக்கு மாற்றிக்கொள். அப்படி நீ எடுத்துக்கொள்வது செலவு ஆகாது, லாபத்திலிருந்து நீ எடுத்தது, அவ்வளவுதான். கடன் தவணையும் அதே மாதிரி. வட்டி செலவில் வரும், அசல் வராது. இந்த இரண்டிலும் நான் முதல் வருடமே தப்புச் செய்தேன். இரண்டையும் செலவில் எழுதி, லாபமே இல்லை என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

வாடிக்கையாளருக்குத் தருகிற இன்வாய்ஸில் வரிசை எண் போடு, ஒரு எண்ணும் விடுபடக் கூடாது. வேலை கைவிட்டுப் போனாலும் அதைக் கிழிக்காதே, குறுக்கே "ரத்து" என்று எழுதி அங்கேயே வைத்துக்கொள். முன்பணம் வாங்கினால் அதையும் எழுது. ரொக்கமாக வந்தாலும் எழுது, ரொக்கமாக வந்தால் கண்டிப்பாக எழுது. 10 வீட்டுக்கு உண்டான பொருளை வாங்கிவிட்டு 6 வீட்டுக்கு வரவு காட்டினால், கணக்குப் பார்ப்பவருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். நாளைக்கு நீ வீட்டுக் கடன் கேட்டுப் போனாலும் காட்டின வருமானத்தைத்தான் பேங்கில் பார்ப்பார்கள். வேனைச் சொந்த வேலைக்கும் எடுப்பாய் என்பதால் தேதி, போன இடம், எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்து வை. டிரில் மெஷின் மாதிரி பல வருடம் உழைக்கிற சாமானுக்குத் தேய்மானம் என்று வருடாவருடம் பிரித்துக் கழிக்கிற விதி இருக்கலாம், ஒரே வருடத்தில் முழுசாகக் கழிக்கவும் விடலாம். இது இடத்துக்கு இடம் மாறும், ஆடிட்டரைக் கேள். அவருக்குக் கொடுக்கிற பணமும் தொழில் செலவில்தான் சேரும், யோசிக்காதே.

தபால் வந்தால் அன்றைக்கே பிரித்துவிடு.

சம்பளத்துக்கு இருந்தபோது வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் கொடுத்தார்கள். இப்போது முழுப் பணமும் உன் கைக்கு வருகிறது, ஆனால் முழுசும் உன்னுடையது இல்லை. 100 வந்தால் பொருளுக்கும் பெட்ரோலுக்கும் 50 போகிறது என்று வை. மீதி 50-க்குத்தான் வரி, 100-க்கு இல்லை. அந்த 50-இல் கால் பங்கையாவது அன்றைக்கே தொடாத இடத்தில் போட்டுவிடு. முதல் ரிட்டர்ன், அதாவது வருட வருமானக் கணக்கை வரி அலுவலகத்தில் போட்ட பிறகு சரியான பங்கு தெரிந்துவிடும், அப்போது கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். நீ விற்பனை வரி வசூலிக்கிற நிலைக்கு வந்தால் அது உன் வருமானமே இல்லை, உன் கை வழியாகப் போகிற பணம். அதையும் தனியே வை. யாராவது வரி பிடித்துக்கொண்டு கூலி கொடுத்தால் அதற்கான சான்றை வாங்கி வை, இல்லாவிட்டால் கட்டின வரியையே மறுபடி கட்டுவாய்.

முக்கியமானது இது. பணம் இல்லை என்பதற்காக ரிட்டர்ன் போடாமல் இருக்காதே. போடுவது வேறு, கட்டுவது வேறு. போடாததற்குத் தனி அபராதம், கட்டாததற்குத் தனி வட்டி என்றுதான் அநேகமாக எல்லா இடத்திலும் இருக்கிறது. கையில் எதுவுமே இல்லாவிட்டாலும் உண்மைத் தொகையை எழுதி நாளுக்குள் போட்டுவிட்டு, தவணை கேட்கலாம். நீ போடவில்லை என்றால் உன் வருமானம் இவ்வளவு இருக்கும் என்று வரி அலுவலகத்தில் அவர்களே ஒரு தொகை போடுவார்கள். உன் செலவு பில் எதுவும் அவர்களிடம் இருக்காது இல்லையா, தொகை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

தபால் வந்தால் அன்றைக்கே பிரித்துவிடு என்று இதற்காகத்தான் சொல்கிறேன்.

சரி, சுற்றி வளைத்தது போதும். நான் உன் வீட்டில் இருந்தபோது துண்டு தேடி மேல் தட்டைத் திறந்தேன். அந்தப் பிளாஸ்டிக் பையைப் பார்த்தேன். பில்கள் பாதி வெளுத்துப்போயிருந்தன. அடியில் வரி அலுவலகத்துக் கவர்கள் 4. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். சாப்பிடும்போது "கணக்கெல்லாம் எப்படிப்பா போகுது" என்று கேட்டேன், "பார்த்துக்கலாம்மா" என்றாய். அதற்குப் பிறகு நீ போன் பண்ணவில்லை.

உன்மேல் கோபம் இல்லை. அந்தப் பையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அது என்னுடையது.

பெரிய வேனை விற்றது உனக்கு மறந்திருக்காது. அப்பா சித்தப்பாவுக்குப் பணத்தைக் கொடுத்துத் தொலைத்துவிட்டார் என்றுதான் நீ நினைத்தாய். வாசலில் நின்று அன்றைக்கு அப்பாவைக் கேட்ட கேள்வியை நான் திரும்ப எழுத மாட்டேன். சித்தப்பாவுக்குப் போன பணம் சின்னது, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டார். பட்டறைக் கணக்கு முழுக்க என் கையில் இருந்தது. அப்பாவுக்கு மரம் தெரியும், எழுத்து வேலையில் என்னைத்தான் நம்பினார். முதல் இரண்டு வருடம் ரிட்டர்னை நாளுக்குள் போட்டேன். மூன்றாவது வருடம் பாட்டி ஆஸ்பத்திரியில் இருந்தார், வரிக்கு வைத்திருந்ததை எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிட்டேன். பணம் சேர்ந்த பிறகு ரிட்டர்ன் போடலாம் என்று தள்ளினேன். நாள் தாண்டிவிட்டது. முதல் கவர் வந்தது. திறந்தால் என்ன இருக்குமோ என்று பயந்து துணி அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். இரண்டாவது வந்தபோது முதலாவதைத் திறக்காததே இன்னொரு பயமாகிவிட்டது. 14 மாதம் இப்படி. மொத்தம் 6 கவர்.

பேங்க் கணக்கை முடக்கின அன்றுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தோம். முதல் கவரில் இருந்தது ஒரு ஞாபகக் கடிதம் தம்பி. ரிட்டர்ன் வரவில்லை, உடனே அனுப்பவும் என்று நாலு வரி. அவ்வளவுதான் இருந்தது அதில். அபராதமும் வட்டியும் அவர்களே போட்ட தொகையும் சேர்ந்து கடைசிக் கவரில் நின்றதில், நாங்கள் உண்மையில் கட்ட வேண்டியிருந்தது பாதிகூட வராது. அதை எதிர்த்துக் கேட்கிற கெடுவும் அந்தக் கவர்களுக்குள்ளேயே முடிந்துபோயிருந்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று ஒரே ஒரு கேள்வி. அப்புறம், "பிள்ளைங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். நீ அப்பாவைக் கேட்டபோது நான் அடுப்படியில் நின்றிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. வெளியே வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 11 வருடமாகச் சொல்லவில்லை. நீயும் அவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து மழையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கவர்களை ஒளித்ததைவிட இது பெரிய தப்பு. அப்பாவிடம் நீ கேட்க வேண்டியதை நீயே பார்த்துக்கொள், அதில் நான் நடுவில் வர மாட்டேன். என்னிடம் கோபப்பட வேண்டும் என்றால் படு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் கவரைப் பிரி. தேதிவாரியாக அடுக்கி, பழையதிலிருந்து பிரி. ஒவ்வொன்றிலும் கெடு தேதி என்ன என்பதை மட்டும் இந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுது. தொகையைப் பார்த்துப் பயப்படாதே, அது அவர்கள் போட்டதாக இருக்கலாம், உன் கணக்கு வந்தால் மாறக்கூடும். அப்புறம் அந்த 4 கவரையும் ஆடிட்டரிடம் கொண்டுபோ. பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கிறது, வெளுத்த பில்லுக்குக் கடையில் நகல் கேட்கலாம். அவர்கள் தேடி வருவதற்கு முன்னால் நீயே போய்ச் சொன்னால் அபராதம் குறையவும் வழி உண்டு.

தனியாகப் பிரிக்க முடியவில்லை என்றால் என்னைக் கூப்பிடு. போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் பிரி. நான் எதுவும் பேச மாட்டேன், பக்கத்தில் இருப்பேன். ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

இந்தக் கடிதம் எழுதியது அப்பாவுக்குத் தெரியாது. இன்று ராத்திரி சொல்லப்போகிறேன்.

அன்புடன்,
அம்மா