தர்மசங்கடம் அல்ல, கூசிப்போவது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மொழிபெயர்ப்புக் கதையில், மேடையில் விருந்தினர் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டவர் 'மிகுந்த தர்மசங்கடத்துக்கு உள்ளானார்' என்று வந்திருந்தது. அதில் தர்மம் எங்கே இருக்கிறது? இந்தப் பக்கம் ஒரு கடமை, அந்தப் பக்கம் ஒரு கடமை, எதைச் செய்தாலும் மற்றது கெடும் என்று மாட்டிக்கொண்டு விழிப்பதுதான் தர்மசங்கடம். நண்பன் செய்த தவறை விசாரணையில் சொல்வதா மறைப்பதா என்று தவிக்கிறோமே, அது.

ஒருமுறை மேலதிகாரியைக் கிண்டல் செய்து நண்பருக்கு எழுதியதை அந்த மேலதிகாரிக்கே அனுப்பிவிட்டேன். அவர் 'சரி, பார்த்தேன்' என்று மட்டும் பதில் போட்டார். அன்று எனக்கு வந்தது தர்மசங்கடமா? கூனிக் குறுகிப் போனேன், அவ்வளவுதான். அவமானம் என்றும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவமானம் பெரும்பாலும் அடுத்தவர் செய்வது, இது நானே எனக்குச் செய்துகொண்டது.

சிக்கல் என்னவென்றால், மொழிபெயர்க்கும்போது பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல்லையே தேடுகிறோம். தமிழில் இந்த உணர்ச்சியின் கனம் வினையில்தான் இருக்கிறது. கூச்சம் என்றால் புது ஆளிடம் பேசத் தயங்குவது, பல் கூசுவது, கிச்சுகிச்சு மூட்டினால் நெளிவது, எல்லாமே லேசான சமாச்சாரம். அதையே 'கூசிப்போனேன்' என்று சொல்லிப் பாருங்கள், உடம்பே சுருங்கிவிடும். வெட்கமும் அப்படித்தான், 'வெட்கித் தலைகுனிந்தேன்' என்றால் எடை வேறு. (தலைகுனிவு என்ற பெயர்ச்சொல்லைக் கட்சிக்கும் நாட்டுக்கும் கொடுத்தாயிற்று, தனி மனிதர் அதைக் கேட்டு வாங்க முடியாது போல.)

நாணத்தைத்தான் ரொம்பப் பாழாக்கிவிட்டோம். இன்று அது காதல் பாட்டில் வரும் பெண்ணின் கன்னச் சிவப்பு. ஆனால் வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே, தகாத செயலுக்காக நாணுவது வேறு, பெண்களின் நாணம் வேறு என்று பிரித்துவிட்டார். வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதி முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்ததற்கு, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்ததற்குக் காரணம், புறப்புண்ணுக்கு நாணியதே என்கிறது புறநானூற்றின் 65-ஆம் பாட்டு. அங்கேயும் பாருங்கள், 'நாணி', வினைதான்.

அந்த மேடைக்காரர் கூசிப்போனார் என்று போட்டிருந்தால் நான் பேசாமல் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்