ஹிக்கின்பாதம் என்பது ஒரு பள்ளத்தின் பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 'இப்படியும் பெயர்கள்' என்ற துணுக்கைப் படித்தேன். இங்கிலாந்தில் சைட்பாட்டம், ராம்ஸ்பாட்டம், ஹிக்கின்பாதம் என்றெல்லாம் குடும்பப் பெயர்கள் இருப்பதாகச் சொல்லி, 'பாட்டம்' என்றால் உட்காரும் இடம் என்று பொருளும் கொடுத்து, பக்கத்தில் ஒரு கேலிப்படமும் போட்டிருந்தீர்கள். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அந்த மூன்றில் ஒரு பெயரோடு எனக்குக் கிட்டத்தட்ட அறுபது வருடப் பழக்கம். அது ஓர் இடத்தின் பெயர். அதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ரயில்வே அஞ்சல் பிரிவில், எல்லோரும் ஆர்.எம்.எஸ். என்று சொல்வார்களே அதில், 38 வருடம் சார்ட்டராக, அதாவது கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிப்பவனாக, இருந்து 2015-இல் ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் மொரப்பூர் பக்கம். 1964-இல் எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா என்னைச் சேலம் ஜங்ஷனுக்குக் கூட்டிப்போனார். வண்டி வர நேரமிருந்தது. பிளாட்பாரத்துப் புத்தகக் கடைக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு பெயர். அப்பா எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினார்: ஹிக்-கின்-பாதம்ஸ். "யாருடைய பாதம்பா?" என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஒரு படப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

கடையின் வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான். ஏபல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் என்பவர் 1844-இல் சென்னையில் தொடங்கியது. வெஸ்லியன் கிறிஸ்தவ மிஷன்காரர்களின் புத்தகக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அது நஷ்டத்தில் போனபோது தானே எடுத்து நடத்தினார் என்பார்கள். பின்னாளில் சென்னையின் ஷெரீபாகவும் இருந்தார். அண்ணா சாலையில் இன்று நாம் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் 1904-இல் திறந்தது. இப்போது அது அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் கையில் இருக்கிறது. குடும்பம் போய்விட்டது, பெயர் நிற்கிறது.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது 2017-இல்தான் எனக்குத் தெரிந்தது. என் மகள் மான்செஸ்டருக்கு வடமேற்கில் பத்து மைல் தள்ளி, போல்டன் என்ற ஊரில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். நானும் என் மனைவியும் மூன்று மாதம் போய் இருந்தோம். பகலில் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் ஊர் நூலகத்துக்குப் போய்விடுவேன். அங்கே குடும்பப் பெயர்களுக்கென்று தனி அகராதிகள் இருக்கின்றன. பழைய நினைப்பில் எடுத்ததும் ஹிக்கின்பாதத்தைத் தேடினேன். எந்த ஊரில் உட்கார்ந்து தேடுகிறேனோ அதே ஊரின் பெயர் அங்கே இருந்தது! போல்டனைச் சேர்ந்த ஓக்கன்பாட்டம் என்ற இடத்திலிருந்து வந்த பெயர் என்று போட்டிருந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

மறுநாளே மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். இன்று அது வீடுகள் நெருக்கமாக உள்ள நகர்ப்பகுதி. 'ஓக்கன்பாட்டம் ரோடு' என்று தெருப் பலகை இருந்தது. அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை, மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார்.

'பாட்டம்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'போட்ம்'. மலைக்கு அடியில் உள்ள பள்ளம், பள்ளத்தாக்கின் தரை என்று பொருள். முன்னால் இருப்பது ஓக் மரத்தைக் குறிக்கும் சொல். அதாவது ஓக் மரத்துப் பள்ளம். நம் பக்கம் புளியம்பட்டி, ஆலமரத்துப்பட்டி என்கிற மாதிரி மரத்தை வைத்துச் சொல்லும் இடப்பெயர். 'ஹிக்கின்' என்பது ரிச்சர்டின் செல்லப் பெயர் என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் அந்த இடத்தின் பழைய எழுத்துக்கூட்டல்களில் 'ஏக்கின்', 'ஆக்கின்' என்றுதான் இருக்கிறதாம். பிறகு வந்தவர்கள் காதுக்குப் பழகிய பெயர் போல அதை ஹிக்கின் ஆக்கியிருக்கிறார்கள். நீங்கள் கொடுத்த 'உட்காரும் இடம்' என்ற பொருள் ஆங்கிலத்தில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வருகிறது. பெயர் அதற்கு நானூறு ஐந்நூறு வருடம் முந்தியது. புதுப்பொருளைக் கொண்டுபோய்ப் பழைய பெயர் மேல் போட்டுச் சிரிப்பது சரியா? அந்தச் சிரிப்புக்குப் பயந்து அந்த நாட்டிலேயே சிலர் 'பாட்டம்' என்று எழுதுவதை 'பாதம்' என்று மாற்றிக்கொண்டதும் உண்டாம்.

ஒன்பது வயதில் நான் கேட்ட 'பாதம்' பற்றி நினைத்துப் பார்க்கிறேன். மலையின் கால்மாட்டை நாமும் அடி என்கிறோம், அடிவாரம் என்கிறோம். தெரியாமல் கேட்டாலும் கிட்டத்தட்டச் சரியாகத்தான் கேட்டிருக்கிறேன்.

மற்ற இரண்டும் இதே வகைதான். சைட்பாட்டம் என்றால் அகலமான பள்ளம். ராம்ஸ்பாட்டம் இன்றும் போல்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஊர். காட்டுப் பூண்டு முளைக்கும் பள்ளம் என்றும், செம்மறிக் கிடாப் பள்ளம் என்றும் அதற்கு இரண்டு விளக்கம் உண்டு. கிரிக்கெட் ரசிகர்களுக்கு இயான் போத்தமைத் தெரியும். செஷயரில் பிறந்தவர். அந்தப் போத்தமும் இதே 'போட்ம்'தான். 1980 பிப்ரவரியில் சூரிய கிரகணத்துக்காக ஆட்டத்தை ஒரு நாள் நிறுத்தி வைத்தார்களே, அந்தப் பம்பாய் டெஸ்டில் அவர் சதமும் அடித்து 13 விக்கெட்டும் எடுத்ததை டிரான்சிஸ்டரில் கேட்டிருக்கிறேன். ஒரு பள்ளத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

ஆனால் ஓர் ஊரின் பெயர் எப்படி ஒரு குடும்பத்தின் பெயராகிறது? இதற்கு எங்கள் தெருவே விடை சொல்லும். எங்கள் தெருவில் 'கம்பைநல்லூரார் வீடு' என்று ஒரு வீடு உண்டு. அந்த வீட்டுத் தாத்தா கம்பைநல்லூரிலிருந்து பிழைக்க வந்தவர். கம்பைநல்லூரிலேயே இருந்திருந்தால் அவரை யார் கம்பைநல்லூரார் என்பார்கள்? அங்கே எல்லோருமே கம்பைநல்லூர்க்காரர்கள்தானே. ஊரை விட்டுப் புறப்பட்ட பிறகுதான் ஊர் ஒருவனுக்குப் பெயராகிறது. ஓக்கன்பாட்டத்திலிருந்து வெளியேறிய யாரோ ஒருவரை, பக்கத்துக் கிராமத்தில் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள். 1379-இல் தலைவரி வசூலித்தபோதும், 1538-க்குப் பிறகு தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பதிவு செய்ய ஆரம்பித்தபோதும் இப்படிப்பட்ட பெயர்கள் ஏட்டில் ஏறின. ஏறியதும் உறைந்துவிட்டன. அப்பா பெயரே மகனுக்கும், மகன் பெயரே பேரனுக்கும். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஹிக்கின்பாட்டம், ஹிக்கின்பாதம், ஒற்றை 'ஜி' போட்ட ஹிகின்பாதம் என்று எழுத்துக்கூட்டல் மட்டும் பலவிதமானது. இது எனக்குப் புதிதில்லை. மாரண்டஅள்ளியை எத்தனை விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் பார்த்திருப்பேன்!

1881-இல் இங்கிலாந்தில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் குடும்பப் பெயர்களுக்கு வரைபடம் போட்டிருக்கிறார்கள். ஹிக்கின்பாதம் வகைப் பெயர்கள் லங்காஷயர், செஷயர், டெர்பிஷயர் என்ற மூன்று மாவட்டங்களில்தான் அடர்ந்து கிடக்கின்றன. வட இங்கிலாந்தின் பென்னைன் மலைத்தொடரின் மேற்குச் சரிவும் அதன் அடிவாரமும்தான் அது. ஐந்நூறு வருடத்தில் அந்தப் பெயர் பிறந்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு நாள் நடை தூரத்துக்கு மேல் அதிகம் போகவில்லை. லண்டனிலும் தெற்கிலும் அது அரிதான பெயர்தான்.

இதைப் பார்த்ததும் எனக்கு சார்ட்டிங் வண்டி ஞாபகம் வந்தது. சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையில் ராத்திரி வண்டியில் நின்றபடியே கடிதம் பிரிப்போம். பின்கோடு 1972-லேயே வந்துவிட்டாலும் பாதிப் பேர் எழுத மாட்டார்கள். ஊர்ப் பெயரின் வாலைப் பார்த்துத்தான் எந்த அறையில் போடுவது என்று கை முடிவு செய்யும். 'பட்டி' என்று முடிந்தால் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் முதலில் போகும். 'அள்ளி' என்றால் பாலக்கோடு, மாரண்டஅள்ளி. 'பள்ளி' என்றால் போச்சம்பள்ளி, வேப்பனப்பள்ளி. விலக்கு நிறைய உண்டு, தப்பும் நடக்கும். ஆனாலும் தமிழும் கன்னடமும் தெலுங்கும் எங்கெங்கே கலந்தன என்று அந்த மர அறைகளிலேயே தெரியும். இங்கிலாந்தில் 'பாட்டம்' என்ற வாலும் அப்படித்தான் பென்னைன் மலைப்பக்கத்தைக் காட்டுகிறது.

பிறகு ஹிக்கின்பாதம் என்ற பெயர் கப்பல் ஏறியது. இந்த எழுத்துக்கூட்டலில் இன்று இங்கிலாந்தைவிட அமெரிக்காவில்தான் அதிகம் பேர் இருக்கிறார்கள். அங்கே அடிமை முறையின் காலத்தில் ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் கறுப்பின மக்களுக்கும் வந்து சேர்ந்தன. லியோன் ஹிக்கின்பாதம் என்ற கறுப்பின நீதிபதி, 1928-இல் பிறந்து 1998-இல் மறைந்தவர், இன ஒதுக்கலுக்கு எதிரான தன் வேலைக்காக 1995-இல் அந்நாட்டின் சுதந்திரப் பதக்கம் பெற்றார். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தின் தலைமை நீதிபதியாக இருந்த ஜார்ஜ் ஹிகின்பாதம் அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர். நம் சென்னையில் ஒரு புத்தகக் கடை. ஓக் மரத்துப் பள்ளம் எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள்.

நம் பக்கமும் இது இருந்தது. உ.வே.சா.வின் 'உ' உத்தமதானபுரம். ம.பொ.சி.யின் 'ம' மயிலாப்பூர். ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்களில் இண்டி பேரு, அதாவது வீட்டுப் பெயர், உண்டு. அதில் பல ஊர்ப் பெயர்கள்தான். டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தது திருத்தணியில், ஆனால் அவர் பெயரோடு வந்த சர்வபள்ளி நெல்லூர்ப் பக்கத்து ஊர். ஹிக்கின்பாதத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இப்போது பல விண்ணப்பப் படிவங்களில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டியிருக்கிறது. என் மகள் பாஸ்போர்ட் எடுத்தபோது அந்தக் கட்டத்தில் என் பெயரைப் போட்டார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் அவளை என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஒருநாள் அவளுக்காக வாசலில் காத்திருந்தேன். உள்ளிருந்து ஒருவர் என் பெயரைக் கூப்பிட, நானும் திரும்பினேன், அவளும் திரும்பினாள். என் அப்பா பெயரும், அதற்கு முன்னால் இருந்த ஊரின் முதலெழுத்தும் எங்கேயும் இல்லாமல் போய்விட்டன. அந்த முதலெழுத்து எந்த ஊர் என்று என் பேத்திக்கு நான் சொன்னால்தான் உண்டு.

அதனால் இரண்டு வேண்டுகோள். ஒன்று, அந்தத் துணுக்கைத் திருத்தி, ஹிக்கின்பாதம் ஓர் இடப்பெயர் என்று இரண்டு வரி போடுங்கள். அப்புறம், தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களிடம் அவரவர் இனிஷியலில் உள்ள ஊரையும், இண்டி பேரையும், 'இன்னார் வீடு' என்று தெருவில் சொல்லும் பெயரையும் கேட்டு வாங்கி, இணைப்பில் வாரம் ஒன்றாக வெளியிடுங்கள். எழுபது எண்பது வயதுக்காரர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் கிடைக்கும். நீங்கள் சரி என்றால், கம்பைநல்லூரார் வீட்டுப் பாட்டியிடம் விசாரித்து முதல் பெயரை நானே எழுதி அனுப்புகிறேன். அவருக்கு 86 வயது, ஞாபகம் இன்னும் நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். சார்ட்டர்,
மொரப்பூர், தருமபுரி மாவட்டம்.