எல்லாவற்றுக்கும் “உங்க நெட்டைப் பாருங்க” என்று சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய விடுதி நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். காரைக்குடியில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை நடத்துகிறேன். நம் சமூக விடுதியின் அறை முன்பதிவை நீங்கள் இணையதளத்துக்கு மாற்றியதிலிருந்து, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கத்து ஆச்சிமார் பலரும் அறை போட என் கடைக்குத்தான் வருகிறார்கள். தளம் திறக்கவில்லை என்று உங்கள் அலுவலகத்துக்குப் பேசினால் எப்போதும் ஒரே பதில்: “உங்க நெட்டைப் பாருங்க, கேஷை கிளியர் பண்ணுங்க.” (கேஷ் என்றால் பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய பக்கங்கள்.) சில நேரம் அது சரி. பல நேரம் தப்பு. கோளாறு யார் பக்கம் என்பதைத் திரையில் வரும் செய்தியே ஓரளவு சொல்லிவிடும். அதை வாசிக்கச் சொல்லிக் கேட்கத்தான் ஆளில்லை.

எங்கள் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுச் சுவர்களின் கனம் உங்களுக்குத் தெரியாததல்ல. முகப்பில் ரவுட்டரை வைத்துவிட்டு இரண்டாம் கட்டில் உட்கார்ந்தால் வைஃபை வராது. அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் “உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல” என்று எச்சரிக்கை வரும். தேதியைத் திருத்தினால் போதும். ஆனால் அப்போது வங்கித் தளம், ரயில்வே தளம் எல்லாமே சேர்ந்து மக்கர் பண்ணும். மற்றதெல்லாம் ஒழுங்காகத் திறந்து, உங்களுடையது மட்டும் எந்த போனில் பார்த்தாலும் அப்படிச் சொன்னால் உங்கள் சர்வரில், அதாவது தளத்தை வைத்திருக்கும் கம்ப்யூட்டரில், இருக்கும் பாதுகாப்புச் சான்றிதழைத்தான் (இது உண்மையான தளம்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்று) பார்க்க வேண்டும். பெரும்பாலும் காலாவதி ஆகியிருக்கும்.

இந்தத் தொல்லை இனி கூடத்தான் செய்யும். 2020 செப்டம்பரிலிருந்து சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச்சிலிருந்து 200 நாள், 2027 மார்ச்சிலிருந்து 100 நாள், 2029 மார்ச்சிலிருந்து 47 நாள் என்று படிப்படியாகக் குறைக்க விதி போட்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருதரம் ஒரு தம்பி வந்து மாற்றிக்கொடுக்கிற ஏற்பாடு இனி செல்லாது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி ஒருமுறை அமைத்துவிடச் சொல்லுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு சான்றிதழை இலவசமாகவே தருகிறது, செலவைக் காரணம் சொல்ல முடியாது.

அடுத்தது வெளிநாட்டில் இருப்பவர்கள் விஷயம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் இங்கே அப்பத்தாவுக்கு அறை போடப் பார்க்கிறார்கள். தளம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் “நேரம் கடந்துவிட்டது” என்கிறது. அதே நிமிடம் என் கடையில் திறக்கிறது. “மறுக்கப்பட்டது” என்று வந்திருந்தால், கதவைத் தட்டியதும் ஒருவர் வந்து “இப்ப பார்க்க முடியாது” என்று சொல்லி அனுப்பியது போல. சர்வர் உயிரோடு இருக்கிறது, தளத்தை நடத்தும் நிரல் ஓடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நேரம் கடந்தது என்றால் தட்டித் தட்டிக் கை வலித்தும் உள்ளே சத்தமே இல்லை. உள்ளூரில் திறந்து வெளிநாட்டில் மட்டும் இப்படி ஆனால், ஃபயர்வாலில் (சர்வருக்குள் யாரை விடலாம் என்று வடிகட்டும் தடுப்பு) வெளிநாட்டு முகவரிகளை மொத்தமாக அடைத்துவிட்டார்களா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஹேக்கர்களுக்குப் பயந்து அப்படிச் செய்வது வழக்கம்தான். ஆனால் பாதி சொந்தபந்தம் கடல் கடந்து இருக்கிற சமூகத்தின் விடுதிக்கு அது பொருந்துமா? ஒரே முகவரியிலிருந்து அளவுக்கு மீறி வந்தால் மட்டும் தடுக்கலாமே. உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து சோதித்தால் இந்தக் கோளாறு என்றைக்கும் தெரியாது.

அப்புறம் கூட்டம். முன்பதிவு திறக்கிற காலையில் 503 என்று வருகிறது. 5-ல் தொடங்கும் மூன்று இலக்க எண் எதுவானாலும் அது சர்வர் பக்கத்துச் சங்கதி. அந்த நேரத்தில் ஆச்சி கேஷைக் கிளியர் பண்ணி என்ன ஆகப்போகிறது? பதற்றத்தில் எல்லோரும் ரிஃப்ரெஷை அமுக்க, சுமை இன்னும் ஏறும். முதல் பக்கத்தில் வரிசையாக நகரும் கும்பாபிஷேகப் படங்கள் கேமராவில் எடுத்த அளவிலேயே கிடக்கின்றன. அழகான படங்கள், மறுக்கவில்லை. முன்பதிவுப் பக்கத்தையாவது அவை இல்லாமல் தனியாக வைக்கலாம்.

சர்வரை மாற்றும்போது ஒன்று: தளத்தின் பெயரை சர்வர் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ், பழைய முகவரியை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவை, மாற்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே ஐந்து நிமிடமாகக் குறைத்துவிடச் சொல்லுங்கள். போன முறை மொபைல் டேட்டாவில் திறந்த தளம் பிராட்பேண்டில் திறக்காமல் இருந்ததற்கு அப்படிக் குறைக்காததால் சில இணைப்புகள் பழைய முகவரிக்கே போனதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பணம் கழிந்து ரசீது வராதவர்களையும் எங்களிடம் திருப்பாதீர்கள். யுபிஐ-யில் பணம் உங்களுக்கு வந்து சேர்ந்ததாக உறுதியாகவில்லை என்றால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே சொல்லியிருக்கிறது. வந்து சேர்ந்துவிட்டு அறை பதிவாகாமல் இருந்தால், அது உங்கள் கணக்கில்தான் இருக்கும். அன்றன்றைக்கே ஒத்துப்பார்த்தால் தெரிந்துவிடும்.

புகார் சொல்கிறவரிடம் மூன்று கேள்வி கேட்கும்படி அலுவலகத்தில் சொல்லிவையுங்கள்: திரையில் என்ன எழுதியிருக்கிறது, வேறு தளங்கள் திறக்கின்றனவா, வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்த்தீர்களா. அடுத்த முன்பதிவு திறப்பதற்கு முன்னால் பினாங்கில் ஒருவரையும் கிராமத்தில் ஒருவரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதெல்லாம் சரியாகும்வரை தொலைபேசி முன்பதிவையும் மறுபடி நடத்துங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடி பிரவுசிங் கடைக்காரன்