6.5 என்ற எண்ணை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள்

பாடநூல் எழுதும் குழுவினருக்கும் புவியியல் நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

"ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை 6.5 டிகிரி செல்சியஸ் குறையும்." பள்ளி முடிப்பதற்குள் எல்லாப் பிள்ளைகளும் இந்த வரியை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பி ஒரு மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். வரியில் தவறில்லை. ஆனால் அது சராசரி. அந்தச் சொல்லை விட்டுவிட்டு மாறாத விதியைப் போல நடத்துவதால், மலைக்குப் போய் வெப்பமானியைப் பார்க்கும் பிள்ளை குழம்பிப் போகிறது. அடுத்த திருத்தத்தின்போது பாடத்தில் என்னென்ன சேர வேண்டும் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

முதலில் காரணத்தைச் சரிசெய்ய வேண்டும். மேலே ஏன் குளிர்கிறது என்று கேட்டால், "மேலே காற்று மெலிந்திருக்கிறது, அதனால் சூட்டைப் பிடித்து வைக்க முடியவில்லை" என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. இது நிற்காது. 50 கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அங்கே வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. நாம் விமானத்தில் போகும் 10, 11 கிலோமீட்டர் உயரத்திலோ காற்று அதைவிடப் பல மடங்கு அடர்த்தி; குளிர் மைனஸ் 40, 50.

நடப்பது இதுதான். வெயிலின் பெரும்பகுதி காற்றைச் சூடாக்காமல் கடந்து வந்து தரையைச் சுடவைக்கிறது. தரை தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று எழும்புகிறது. மேலே போகப் போகச் சுற்றியுள்ள அழுத்தம் குறைவதால் அது விரிகிறது. விரிய வேண்டுமானால் சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டும். அந்த வேலைக்கான ஆற்றலைத் தன் சூட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மேகம் உருவாகாத வரை இப்படி எழும்பும் காற்று கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிரும். மேகம் கட்டத் தொடங்கியதும் கணக்கு மாறும். நீராவி துளியாகும்போது தன்னுள் இருந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுப்பதால், நம் ஊர்ப்பக்கத்து ஈரக்காற்று கிலோமீட்டருக்கு 4, 5 டிகிரி அளவுக்கே குளிரும். இந்த இரண்டுக்கும் நடுவில், பல இடங்களையும் பல நாட்களையும் சேர்த்துப் பார்த்த சராசரிதான் 6.5.

இரண்டு வேகம் என்று தெரிந்தால்தான் ஆடிக்காற்று புரியும். கடல்மட்டத்தில் 30 டிகிரியில் இருக்கும் ஈரக்காற்று கேரளப் பக்கமிருந்து மலையேறுகிறது என்று வையுங்கள். 500 மீட்டரில் மேகம் தொடங்கும்போது 25 டிகிரி. அங்கிருந்து 2,000 மீட்டர் முகடு வரை கிலோமீட்டருக்கு 5 டிகிரி வீதம் குளிர்ந்து 17.5 ஆகிறது, வழியிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது மேகம் இல்லை, ஆகவே 9.8 வீதம் சூடேறுகிறது. சுமார் 400 மீட்டர் உயரத்தில் உள்ள கம்பம் பள்ளத்தாக்கைத் தொடும்போது 33 டிகிரியைத் தாண்டிவிடும். ஏறும்போது இதே 400 மீட்டரில் அது 26 டிகிரிதான்! மலை தாண்டி வந்த காற்று ஏன் காய்ந்தும் சூடாகவும் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே போட்டுப் பார்க்க இந்த ஒரு கணக்கு போதும். 6.5 மட்டும் தெரிந்தவர்களுக்கு ஏறினதும் இறங்கினதும் சமமாகிவிடும், விடை வராது.

விரிந்தால் குளிரும் என்று காட்ட, வாசனைத் திரவிய ஸ்பிரேயை அடித்துக் காட்டுவது ஒரு வழக்கம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அந்தக் குளிர்ச்சியில் பெரும்பங்கு டப்பாவிலுள்ள திரவம் ஆவியாவதால் வருவது. அதற்குப் பதிலாக ஒரு லிட்டர் சோடா பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், கண்ணாடி கூடவே கூடாது. ஒரு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள். அணைத்த ஊதுபத்தியின் புகையைக் கொஞ்சம் உள்ளே விடுங்கள். கால்பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியை ஒரு ரப்பர் தக்கையில் குத்தி, பாட்டிலை மூடி, தக்கையைக் கையால் அழுத்திப் பிடித்தபடி சைக்கிள் பம்பால் நாலைந்து அடி அடியுங்கள். அரை நிமிடம் பொறுத்து, முகத்தை விலக்கிக்கொண்டு தக்கையை விடுங்கள். 'டப்' என்ற சத்தத்தோடு பாட்டிலுக்குள் வெண்மேகம் நிற்கும். அந்த அரை நிமிடப் பொறுமை முக்கியம்: பம்பு அடித்ததில் காற்று சூடேறியிருக்கும், அது ஆறாமல் திறந்தால் பழைய வெப்பநிலைக்கே திரும்புமே தவிர அதற்குக் கீழே போகாது. புகை விடாவிட்டாலும் மேகம் சரியாக வராது, துளி பிடிக்கத் துகள் வேண்டும்.

அடுத்தது அளத்தல். இதற்கு நீலகிரி மலை ரயில் பாதையை விட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. மேட்டுப்பாளையம் 326 மீட்டர், உதகை நிலையம் 2,203 மீட்டர். 1,877 மீட்டர் வித்தியாசத்துக்கு 6.5 வீதம் 12 டிகிரி வர வேண்டும். ஆனால் ரயில் காலை 7 மணி வாக்கில் கிளம்பி நண்பகலை ஒட்டித்தான் போய்ச் சேர்கிறது. கிளம்பும்போது 22 டிகிரி, இறங்கும்போது 18 என்று குறித்துக்கொண்ட மாணவர், கிலோமீட்டருக்கு 2 டிகிரிதான் குறைகிறது என்று எழுதிவிடுவார். இடையில் வெயில் ஏறியதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே ஒரு குழு கீழே, ஒரு குழு மேலே நின்று, ஒரே மணிக்கு அளக்க வேண்டும். பயணத்துக்கு முன் இரண்டு வெப்பமானிகளையும் உடைத்த பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த ஒரே குவளையில் வைத்துப் பாருங்கள். இரண்டும் 0 காட்ட வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு பிசகு என்று எழுதி வைத்துக் கழித்துக்கொள்ளலாம். தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், நிழலில், காற்றோட்டத்தில், பத்து நிமிடம் விட்டுப் படிக்க வேண்டும். வெயில் படும் வெப்பமானி காட்டுவது தன் சூட்டைத்தான், காற்றின் சூட்டை அல்ல. பேருந்தின் பக்கவாட்டிலும் தார்ச் சாலையின் ஓரத்திலும் வைத்தாலும் இதே கதிதான்.

இதே கவனத்தோடு உதகைக்குள்ளேயே ஒரு பள்ளத்திலும் பக்கத்து மேட்டிலும் அளந்தால், தை மாத விடியலில் கணக்கு தலைகீழாகவே வரும். வர வேண்டும். தெளிந்த, காற்றடிக்காத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. அதை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, சரிவு வழியே தண்ணீர் போல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. உதகையின் தாழ்வான புல்வெளிகள் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது மேட்டுச் சரிவில் பனி இருக்காது. புல்நுனியில் 0 டிகிரிக்குக் கீழே போன அதே நேரம், ஆளுயரத்தில் வைத்த வெப்பமானி 2, 3 டிகிரி காட்டலாம். உயரம் கூட வெப்பமும் கூடுகிறது. போகியன்று அதிகாலையில் சென்னை விமான நிலையத்தில் புகை மண்டி விமானங்கள் தாமதமான ஆண்டுகள் உண்டு. மேலே இருக்கும் சூடான அடுக்கு மூடி போல நின்று புகையை எழும்ப விடாததும் அதற்கு ஒரு காரணம். இந்த வெப்பத் தலைகீழ் பாடத்தின் கடைசியில் ஒரு பெட்டிச் செய்தியாக வந்தால் போதாது.

வளிமண்டல அடுக்குப் படத்தையும் பாருங்கள். 11 கிலோமீட்டரில் மைனஸ் 56.5 டிகிரி என்று போடுவது விமானத் துறையின் திட்ட வளிமண்டலம் என்னும் சராசரி மாதிரியின் கணக்கு. நடு அட்சரேகைகளுக்குப் பொருந்தும். நம் தலைக்கு மேலே குளிர்வது நிற்பது 16, 17 கிலோமீட்டரில், மைனஸ் 80 டிகிரியை ஒட்டி. வெப்பமண்டலத்தின் மேலேயே அவ்வளவு குளிர்ந்த காற்று நிற்கிறது என்றால் எந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காராது? அதற்கு மேலே ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால் வெப்பம் ஏறுகிறது. குளிர்வது ஓரிடத்தில் நின்றுபோகும் என்பதை 1902ல் அறிவித்தவர் பிரான்சின் தெசெரென்க் த போர். அதே ஆண்டு ஜெர்மனியின் அஸ்மனும் அறிவித்தார். வெயில்தான் கருவியை ஏமாற்றுகிறதோ என்று சந்தேகப்பட்டு இரவில் பலூன் விட்டுப் பார்த்து, இருநூறுக்கும் மேற்பட்ட பலூன்களுக்குப் பிறகே த போர் வாய் திறந்தார். பேருந்தோரத்தில் வெப்பமானி பிடிக்கும் மாணவருக்கு இருக்கும் அதே சிக்கல்தான் அவருக்கும்.

எங்கள் வேண்டுகோள் இரண்டு. சென்னையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வானிலைத் துறை விடும் பலூன்கள் தரும் உண்மையான அளவீடுகளில், ஒரு தை மாதக் காலையையும் ஒரு சித்திரை மாதக் காலையையும் அருகருகே வரைபடமாக அச்சிடுங்கள். எந்த உயரத்தில் 0 டிகிரி வருகிறது, கோடு எங்கே வலப்பக்கம் திரும்புகிறது என்று பிள்ளைகள் அளவுகோல் வைத்துப் பார்க்கட்டும். இரண்டாவது, தேர்வில் அந்தக் கோடிட்ட இடத்தை எடுத்துவிட்டு, இரண்டு உயரத்தின் வெப்பநிலைகளைக் கொடுத்து, கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது என்ற வீதத்தைக் கேளுங்கள். ஒரு முறையாவது விடை எதிர்க்குறியில் வரட்டும்.

இப்படிக்கு,
வானிலை படிப்பவர்களும் கற்பிப்பவர்களுமான சிலர்