மூத்தோர் தடகளச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர், பொருளாளர், பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பணிகளைச் சமர்ப்பிக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஆண்டின் பெரும்பகுதி மைல் ஓட்டப் பயிற்சியிலேயே கழிந்தது. நாற்பது தாண்டியவர்களால் மைலில் வேகம் காட்ட முடியுமா என்று சென்ற பொதுக்குழுவில் விவாதம் நடந்தது. அயர்லாந்தின் ஈமான் காக்லன் 1983இல், 30 வயதில், உள்ளரங்கில் மைலை 3:49.78இல் (3 நிமிடம் 49.78 வினாடி) ஓடினார், 1994இல், 41 வயதில், ஹார்வர்டு உள்ளரங்கில் 3:58.15. பதினோரு ஆண்டில் போனது எட்டு வினாடிச் சொச்சம், 4 சதவீதத்துக்கும் குறைவு. பிரிட்டனின் அந்தோணி வைட்மன் 2012இல், நாற்பது வயதில், வெளிமைதானத்தில் 3:58.79 ஓடினார். ரஷ்யாவின் யெகாதெரீனா போத்கோபயேவா 42 வயதில் 1500 மீட்டரை 3:59.78இல் முடித்தார். ஆகவே முடியும். நமக்கு உதவுவது அந்தச் சதவீதக் கணக்குதான்: அவரவர் இளவயது நேரத்திலிருந்து எத்தனை சதவீதம் இறங்கியிருக்கிறோம் என்று பார்க்கலாம். பழைய 1500 நேரம் மட்டும் கையில் இருந்தால் அதை 1.08ஆல் பெருக்கினால் மைல் நேரம் ஏறத்தாழக் கிடைக்கும்.

வயது கூடும்போது நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்பது அவ்வளவாக மாறுவதில்லை. ஒவ்வொரு அடியின் நீளம் குறைகிறது. கணுக்கால் தரையை உந்தும் பலம் தளர்வதே முக்கியக் காரணம். வாரம் முழுக்க மெதுவாக நெடுந்தூரம் ஓடினால் இது திரும்பாது. மாரத்தான் மோகம் பிடித்த உறுப்பினர்கள் பொறுத்தருள்க. வாரம் ஒருநாள் 200 மீட்டர் எட்டு முறை, மைல் வேகத்தில், நடுவில் 200 மீட்டர் நடை. ஒருநாள் விட்டு ஒருநாள் படிக்கட்டு விளிம்பில் குதிகால் உயர்த்தல், 15 வீதம் மூன்று சுற்று, முழங்காலை நீட்டியும் மடக்கியும். கடும் பயிற்சிகளுக்கு இடையே இளைஞருக்கு 48 மணி நேரம் போதுமென்றால் நமக்கு 72 வேண்டும்.

கெண்டைச்சதைப் பிடிப்பு இவ்வாண்டும் நம்மை விடவில்லை. மாதக்கணக்கில் தடித்த குதிகால் கொண்ட ஷூவில் ஓடிவிட்டு, போட்டியன்று திடீரென்று ஸ்பைக் (அடியில் ஆணி பதித்த, குதிகால் தாழ்ந்த ஓட்ட ஷூ) மாட்டுவதால் வருவது இது. குதிகால் தாழும்போது கெண்டைச்சதையும் குதிகால் தசைநாணும் கூடுதலாக இழுபடுகின்றன. போட்டிக்கு ஆறு வாரம் முன்பே, கடைசி இரண்டு 200களை மட்டும் ஸ்பைக்கில் ஓடத் தொடங்கவும்.

மைதானத்தில் நான்கு சுற்று ஓடினால் 1600 மீட்டர்தான், மைல் 1609.34. முடிவுக்கோட்டிலிருந்தே ஓட்டத்தைத் தொடங்கினால் ஆறு நிமிடக்காரருக்கு இரண்டு வினாடி இலவசம். அந்த நேரங்களைப் பதிவேட்டில் ஏற்கவில்லை. முடிவுக்கோட்டுக்கு 9.34 மீட்டர் பின்னால் நிரந்தர வெள்ளைக்கோடு வரைய அனுமதி கேட்டு விண்ணப்பம் தந்துள்ளோம்.

இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவோர் கவனிக்க: அட்டெனலால், மெட்டோபிரலால் வகை நாடித்துடிப்பைத் தாழ்த்தும், கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி வேகத்தை முடிவு செய்யக் கூடாது. ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற நீர்ப்போக்கி மாத்திரைகள் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் உள்ளவை. பன்னாட்டுப் போட்டிக்குச் செல்வோர் மருத்துவ விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

வரும் ஆண்டில் மைல் ஓட்டத்துக்குப் பெயர் தருவோர் ஈசிஜி அறிக்கை இணைக்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்