பாட்டியின் பக்கம் ஏறிய சனிக்கிழமை

பட்டர்வொர்த்,
ஞாயிறு இரவு

அன்புள்ள வசந்தி,

தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்கு டின் காலியாகி என் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு எழுத வேண்டும் என்று நினைப்பேன். நினைத்து நினைத்தே எட்டு மாதம் ஓடிவிட்டது. மன்னித்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். இவருக்கு முட்டி வலி பரவாயில்லை. பெரியவன் பக்கத்து ஊரான பிறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். லட்சுமி டீச்சரைக் கோயிலில் பார்த்தேன்; "அந்த வாயாடி எப்படி இருக்கிறாள்?" என்று உன்னைத்தான் முதலில் கேட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மதியம் பதினான்கு வயசுப் பெண் ஒருத்தி, தன் கையால் எழுதிய வலைப்பக்கத்தை இணையத்தில் ஏற்றினாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இந்த வருடம் படிவம் இரண்டும் மூன்றுமாக ஏழு பிள்ளைகள். கட்டுரை எழுதச் சொன்னபோது ஒருவன் எழுந்து, "யார் வாசிப்பா டீச்சர்?" என்றான். நியாயமான கேள்வி. அன்றைக்கே முடிவு செய்தேன், வாசிக்க ஆள் இருக்கிற இடத்தில் எழுதட்டும் என்று.

படத்தையும் எழுத்தையும் இழுத்து வைத்தால் பக்கத்தைத் தானே செய்து கொடுக்கும் செயலிகள் உண்டு. அதெல்லாம் வேண்டாம், நோட்பேடைத் திற என்றேன். முணுமுணுத்தார்கள். ஆனால் வலைப்பக்கம் என்பது வெறும் எழுத்துக் கோப்புதானே, வசந்தி? தலைப்புக்கு ஒரு குறி (டேக்), பத்திக்கு ஒரு குறி, படத்துக்கு ஒன்று, இணைப்புக்கு ஒன்று. இந்த நான்கையும் வைத்தே ஒரு பிள்ளை தனக்கென்று ஒரு பக்கம் எழுதிவிடலாம். வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் ஏற்றிய முதல் பக்கத்தில் படம்கூடக் கிடையாது. 1993 ஏப்ரலில் அந்த நுட்பம் முழுவதையும் யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் விட்டுக்கொடுத்தது. அந்தப் புண்ணியத்தில்தான் நம் பிள்ளைகள் இன்றைக்கு ஒரு காசு செலவில்லாமல் எழுதுகிறார்கள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு முணுமுணுப்பு அடங்கியது.

இந்தப் பெண் தன் பாட்டியைப் பற்றி எழுதினாள். பாட்டி யார் தெரியுமா? நம் ரப்பர் தோட்டத்து மேல் டிவிஷனில் பால்மரம் வெட்டியவர்! விடியற்காலையில் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும் பிரட்டு, மர வரிசைகளை ஆளுக்கு ஆள் நிரை பிரிப்பது, வெட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் உருவுவது, எல்லாம் பாட்டி சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். கீழே ஒரு சின்னச் சொற்பட்டியல்: மங்கு (பால் வடியும் கிண்ணம்), உளி (மரம் வெட்டும் கத்தி), கங்காணி (வேலையை மேற்பார்ப்பவர்), கிராணி (தோட்டத்துக் கணக்கர்). நம் வீட்டில் தினம் புழங்கிய சொற்களுக்கு அந்தக் குழந்தை பொருள் எழுதுகிறது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மூன்றாவது வாரம் ஒரு கூத்து. அவள் கோப்பைப் பெண்டிரைவில் கொண்டுவந்து, வகுப்பு நடக்கும் மண்டபத்துப் பழைய மடிக்கணினியில் திறந்தாள். ஓர் எழுத்துகூடத் தமிழில் இல்லை. தலையில் கீற்று வைத்த ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடியும் கீற்று வைத்த ஏ என்று பக்கம் முழுக்க ஒரே குப்பை. அழுதேவிட்டாள். நான் அவளை உட்காரவைத்துச் சொன்னேன்: "கேள்விக்குறியாக வந்திருந்தால் எழுத்து போய்விட்டது என்று பொருள். இப்படி வந்தால் எழுத்து பத்திரமாக இருக்கிறது, இந்த மெஷினுக்கு வாசிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்." தமிழ் என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, மேல்விலங்கு, ழ, புள்ளி என்று ஐந்து. எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆகப் பதினைந்து. அந்தப் பதினைந்தையும் தனித்தனி லத்தீன் குறியாக வாசித்தால் இந்தக் குப்பைதான் வரும். இது யுடிஎஃப்-8 என்று கோப்பின் தலையிலேயே ஒரு வரி சேர்த்தோம். மறுபடி திறந்தாள். "என் பாட்டி" என்று பளிச்சென்று வந்தது. மண்டபமே கை தட்டியது.

1999இல் நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? சைபர் கஃபேயில் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தட்டச்சு செய்து, நம் பக்கத்தை வாசிக்க வருகிறவர்களை "முதலில் இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சினோம். 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோது நீ லீவு போட்டுவிட்டு ஓடினாய். இனி எல்லாம் மாறும் என்று அங்கிருந்து எனக்குப் போன் செய்தாய். மாறித்தான் இருக்கிறது. ஆனால் நம் பதின்மூன்று கவிதைகள்? நம் பக்கத்தை வைத்திருந்த இலவச இணையதளத்தை மூடியபோது அவையும் போயின. நம்மிடம் ஒரு பிரதிகூட இல்லை. அந்த வலியில்தான் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், கோப்பு முதலில் உன் வீட்டில் இருக்க வேண்டும், பெண்டிரைவில் இன்னொன்று, மூன்றாவதுதான் இணையத்தில் என்று.

ஏற்றுவதற்கு, கோப்புகளைச் சேமித்து வலைப்பக்கமாகவும் வெளியிட உதவும் கிட்ஹப் தளத்தை எடுத்துக்கொண்டோம். பதின்மூன்று வயசு நிரம்பினால் கணக்குத் தொடங்கலாம். காசு வேண்டாம், விளம்பரம் ஒட்டாது. முதல் கோப்புக்கு இண்டெக்ஸ் என்று பெயர் வைத்து ஏற்றி, வெளியிடும் பொத்தானைத் தட்டிவிட்டு, ஏழு பேரும் திரையை முறைத்துக்கொண்டு நின்றார்கள். நாலைந்து நிமிடத்தில் பக்கம் வந்தது. படம் வரவில்லை. வீட்டில் வந்த படம் இங்கே ஏன் வரவில்லை? கேமரா வைத்த கோப்புப் பெயரின் கடைசியில் ஜேபிஜி என்பது ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கிறது, இவள் பக்கத்தில் எழுதியது சின்ன எழுத்தில். வீட்டு விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. கிட்ஹப்பில் வேறு வேறு. திருத்தினாள். பாட்டி கையில் உளியோடு வந்து நின்றார்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கம்தான் இருக்கும். மனசை அரிக்கிற விஷயம் இனிதான்.

பக்கத்தின் அடியில் "என்னைப் பற்றி" என்று ஒரு பத்தி. முழுப்பெயர், பிறந்த தேதி, பள்ளி, வகுப்பு, குடியிருக்கும் தாமானின் பெயர், வீட்டு எண், அம்மாவின் கைப்பேசி எண், அத்தனையும் இருந்தன. பள்ளியில் சுயவிவரம் எழுதச் சொன்னால் எழுதுவது போலவே எழுதியிருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஏற்றுவதற்கு முன்னால் நான் வரி வரியாக வாசித்திருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவன் பள்ளி வாசலில் நின்று இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், "அம்மா அனுப்பினார்" என்று சொல்லி அம்மாவின் எண்ணையும் காட்டலாம். எனக்குக் கை நடுங்கியது.

உடனே அழிக்கச் சொன்னேன். அழித்தாள். இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் சட்டென்று உறைத்தது, கிட்ஹப்பில் பழைய வடிவம் எல்லாம் மாற்ற வரலாற்றில் அப்படியே இருக்குமே! நாங்கள் திறந்தது எல்லாரும் பார்க்கக்கூடிய கோப்புத் தொகுப்பு, பொதுக் களஞ்சியம் என்பார்கள். யார் வேண்டுமானாலும் பின்னோக்கிப் புரட்டிப் பார்க்கலாம். அவள் அம்மாவைப் போனில் எழுப்பி, களஞ்சியத்தையே முழுசாக நீக்கச் சொல்லி, இன்று காலை புதிதாகத் தொடங்கினோம். படத்துக்குள் எடுத்த இடத்தின் இருப்பிடக் குறிப்பு ஒளிந்திருக்குமே என்று அதையும் நீக்கிவிட்டு ஏற்றினோம். இப்போது அந்தப் பத்தியில் ஒரே ஒரு வரி: "நான் பினாங்கில் படிக்கும் மாணவி."

அவள் அம்மா கோபப்படவில்லை. "இதெல்லாம் எங்களுக்கு யார் டீச்சர் சொல்லிக் கொடுத்தா?" என்றுதான் கேட்டார். அது ராத்திரி முழுக்கக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது, வசந்தி. அடுத்த வாரம் குறி, படம் எதுவும் கிடையாது. பெற்றோரையும் வரச் சொல்லியிருக்கிறேன். எதை ஏற்றலாம், எதை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு முழுக்கப் பேசப்போகிறோம். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. அலுவலகத்தில் இந்த மாதிரி விஷயங்களைப் பார்க்கிறவள் நீ.

இன்று மாலை பாட்டி வீட்டுக்குப் போனேன். பேத்தி கைப்பேசியை நீட்டினாள். பாட்டிக்கு வாசிக்க வராது; இவள் வாசித்துக் காட்டினாள். "ஒட்டுப்பாலு" என்ற இடத்தில் பாட்டி நிறுத்தினார். "அது வேற வாளி, தனியாத்தான் போடணும், எழுதிக்க" என்றார். அங்கேயே உட்கார்ந்து திருத்தினாள்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. பிரட்டுக் களத்தின் படம் யாரிடமும் இல்லை. உன் அப்பா எடுத்த படம் ஒன்று உண்டே, பெண்கள் எல்லாம் தலையில் துணி கட்டி வரிசையாக நிற்பார்கள். அது இன்னும் உன்னிடம் இருக்கிறதுதானே? ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தேய்ந்து வரும். கோப்பின் பெயரைச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் வை. ஆனால் பின்பக்கம் அப்பா எழுதிய பெயர்களை அனுப்பிவிடாதே. ஒரு நாள் போன் போட்டு வாசித்துக் காட்டு. யார் யார் இருக்கிறார்கள், யார் பிள்ளைகளைக் கேட்க வேண்டும் என்று நாம் இருவரும் முதலில் பார்ப்போம்.

முறுக்கு டின்னை அடுத்த முறை கோலாலம்பூர் வரும்போது கொண்டுவருகிறேன், வெறும் டின்னாக இல்லை.

அன்புடன்,
கலா