விளம்பரத்தில் 'ஐ5' என்று மட்டும் போட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகை நெருங்கினால் உங்கள் நாளிதழில் முழுப்பக்கத்துக்கு வருகிற லேப்டாப் விளம்பரங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஐ5, 8 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி, மாதத் தவணை இவ்வளவு, பேக் இலவசம். அவ்வளவுதான் போடுகிறார்கள். (ஐ5 என்றால் இன்டெல் கம்பெனியின் பிராசஸர், அதாவது கம்ப்யூட்டரின் மூளை.) டெஸ்க்டாப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லேப்டாப் வைக்கப்போகிறவருக்கு இது போதவே போதாது.

அப்படி மாற்றுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இன்டெல் 7-ம் தலைமுறை, அதற்கும் முந்தைய டெஸ்க்டாப்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், அபூர்வமாக ஒன்றிரண்டு தவிர, விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. நான் டி.டி.பி. கடை வைத்திருப்பதால் பத்திரம் எழுதுகிறவர், டியூஷன் எடுக்கிற டீச்சர், ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் போடுகிறவர் எல்லோரும் உங்கள் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்து "அண்ணே, இது ஓகேவா?" என்று கேட்கிறார்கள். விளம்பரத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடிவதில்லை, அதுதான் என் குறை.

ஐ5 என்பது ஒரே பொருள் இல்லை. 12-ம் தலைமுறையிலேயே டெஸ்க்டாப்புக்கான ஐ5-12400 அடிப்படையில் 65 வாட், லேப்டாப்பில் வரும் ஐ5-12450எச் 45 வாட், ஐ5-1235யு வெறும் 15 வாட். வாட் குறைந்தால் பொதுவாக நீண்ட நேர வேலையில் வேகமும் குறையும், ஆனால் மூன்றுக்கும் ஒட்டுகிற ஸ்டிக்கர் ஐ5தான். டைப்பிங், பில், ஆன்லைன் விண்ணப்பம் மட்டும் என்றால் பத்து வருடப் பழைய டெஸ்க்டாப்பிலிருந்து வருகிறவருக்கு அந்த 'யு' ரகமே தாராளம், வேகம் கூடினது போலத்தான் தெரியும். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர் அதை வாங்கினால் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான், அவருக்கு 'எச்' வேண்டும். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசஸரில் இதைவிட வேடிக்கை. ரைசன் 5 7520யு என்பது பேருக்கு 7000 வரிசை, உள்ளே இருப்பது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கே கோர். பக்கத்திலேயே இருக்கும் 7530யு ஜென் 3, ஆறு கோர். அந்த வரிசையில் ஜென் எத்தனை என்று தெரிய மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று எந்தக் கடைக்காரர் சொல்கிறார்? முழு எண்ணையும் அச்சடிக்க விளம்பரத்தில் ஒரு விரற்கடை இடம்கூட ஆகாது.

அப்புறம் ரேம், விளம்பரத்தில் 8 ஜிபி என்று போடுகிறார்களே அது. டெஸ்க்டாப் வைத்திருந்தவருக்கு, இன்று 8 ஜிபி போதும், நாளைக்கு இன்னொன்று செருகிக்கொள்ளலாம் என்ற நினைப்பு ரத்தத்தில் ஊறியிருக்கும். பல லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைத்து வருகிறது, கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. மேலே சொன்ன 7520யு அந்த மாதிரி ரேமோடுதான் வரும். ஆகவே காலி ஸ்லாட் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும், இல்லை என்றால் 16 ஜிபி உள்ளதாகப் பார்க்க வேண்டும்.

பழைய மானிட்டர், கீபோர்டு, மவுஸை எக்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள் என்று வருகிறவர்களிடம் சொல்கிறேன். நாள் முழுக்க லேப்டாப்பைக் குனிந்து பார்த்து டைப் அடித்தால் கழுத்து என்ன ஆகும் என்று அடித்தவர்களுக்குத் தெரியும். 14 அங்குல லேப்டாப்கள் பெரும்பாலும் எண்களுக்குத் தனிப் பலகை இல்லாமல்தான் வருகின்றன, சர்வே எண், தொகை என்று அடித்துத் தள்ளுகிறவருக்கு அது பெரிய இம்சை. எச்டிஎம்ஐ துளை இருந்தால் பழைய மானிட்டரையே மாட்டிக்கொள்ளலாம், மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் என்றால் சின்ன கன்வெர்ட்டர் ஒன்று. கரண்ட் போனால் மானிட்டர் அணையும், லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும், அடித்தது போகாது. யுபிஎஸ் பேட்டரி மாற்றுகிற செலவு மிச்சம். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கப்போகிறது என்பதால் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துகிற வசதி இருந்தால் அதைப் போட்டுவைப்பது நல்லது.

பழைய பிரிண்டர்தான் பலரைக் கவிழ்க்கிறது. அகலமான பேரலல் போர்ட்டில் ஓடும் டாட் மேட்ரிக்ஸை லேப்டாப்பில் நேராக மாட்ட இடமே இல்லை. பழைய மென்பொருளும் அப்படித்தான். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பு கிடையாது, 64 பிட் மட்டும்தான், அதனால் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கணக்கு மென்பொருள் அதில் நேரடியாக ஓடாது. பழைய சிபியு பெட்டியை எக்சேஞ்சில் கொடுக்கும்போது உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்வதும் முக்கியம், ஊரார் ஆதார் நகலெல்லாம் அதில்தானே இருக்கிறது.

என்னைக் கேட்டால், மேசையை விட்டு நகரவே நகராத வேலைக்கு இன்னொரு டெஸ்க்டாப்தான் சரி. அதே காசுக்குக் கூடுதல் வேகம் கிடைக்கும், உள்ளே கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் போனால் அதை மட்டும் மாற்றலாம். லேப்டாப்பில் மதர்போர்டு போனால் கேட்கிற தொகைக்குப் பேசாமல் பழைய லேப்டாப் ஒன்றே வாங்கிவிடலாம். ஆனால் பிள்ளைகள் காலேஜுக்கும் எடுத்துப்போக வேண்டும், வீட்டில் இடமும் இல்லை என்பவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

விளம்பரத்தில் என்ன போடுவது என்பது கடைக்காரர் பாடு என்று நீங்கள் சொல்லலாம். சரி, அடுத்த தீபாவளிக்கு முன்னால் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்திலாவது பிராசஸரின் முழு எண், ரேம் ஸ்லாட், என்னென்ன துளைகள் இருக்கின்றன என்ற மூன்றையும் பத்து பதினைந்து மாடல்களுக்கு ஒரு அட்டவணையாகப் போடுங்கள். என் கடைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடைக்காரர் ஒருவர்,
விருத்தாசலம்